நனைந்த தானியமும் நதிக்கரை வீடும்



சென்னையில் அடையாற்றின் கரையை ஒட்டி, மணப்பாக்கத்துப் பக்கம், எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. 2009ஆம் ஆண்டு கோடையில் அதை வாங்கினோம். 2022ஆம் ஆண்டின் இறுதியில் விற்றோம். வாங்கும்போது ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டோம். விற்கும்போது அதே கேள்வியை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கப்படாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமா என்று நாங்கள் தடுமாறிய நாட்களைப் பற்றியே இங்கு எழுதுகிறோம். வீடு வாங்கவோ விற்கவோ எண்ணியிருக்கும் குடும்பங்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறோம்.

நாங்கள் வீட்டைப் பார்க்கச் சென்றது மே மாதம். ஆறு ஓர் ஓரமாக மெலிந்து கிடந்தது. மாடியில் நின்றால் அஸருக்குப் பிறகு காற்று இதமாக வீசியது. கிணற்றில் நல்ல தண்ணீர். பள்ளிவாசல் பத்து நிமிட நடை. முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்றிதழ் எடுத்தோம். தாய்ப்பத்திரம், பட்டா, கட்டட அனுமதி என எல்லாவற்றையும் வழக்கறிஞர் பார்த்துச் சரி என்றார். விற்றவர் பணி ஓய்வு பெற்ற பெரியவர். தேநீர் கொடுத்து உபசரித்தார். எந்தத் தென்னை எத்தனை காய் காய்க்கும் என்பது வரை சொன்னார். ஆறு எதுவரை வந்திருக்கிறது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2015ஆம் ஆண்டு நவம்பர் முழுவதும் மழை. சுற்றியிருந்த ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. டிசம்பர் 1ஆம் தேதி பகலெல்லாம் விடாமல் பெய்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்றிரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டதைப் பிறகுதான் அறிந்தோம். அந்த உபரி நீர் திருநீர்மலை அருகே அடையாற்றில் கலக்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீரும் அதே ஆற்றுக்குத்தான் வருகிறது. எங்கள் தெரு அவை எல்லாவற்றுக்கும் கீழே இருந்தது.

இஷா தொழுதுவிட்டு அமர்ந்திருந்தோம். ஆறு வாசல் வழியாக வரும் என்றுதான் எவரும் நினைப்போம். முதலில் தண்ணீர் வந்தது குளியலறையின் சாக்கடைத் துளை வழியாக. கறுப்பு நீர். அரை மணி நேரத்தில் முழங்கால் அளவு ஏறிவிட்டது. முதலில் குர்ஆனை எடுத்தோம். அடுத்து வயதான அம்மாவை நாற்காலியோடு தூக்கி மாடிக்கு ஏற்றினோம். பிறகு பத்திரப் பை. நான்காவதாக எதை எடுப்பது என்று முடிவு செய்வதற்குள் மின்சாரம் போயிற்று. எதிர்வீடு மாடியில்லாத வீடு. அங்கிருந்தவர்களும் இன்னும் இரண்டு குடும்பங்களும் எங்கள் மொட்டை மாடிக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு இரவுகள் ஒரு தார்ப்பாயின் கீழ் கழிந்தன. மூன்றாம் நாள் காலையில் மீனவச் சகோதரர்களின் படகு வந்து எங்களை இறக்கியது. அவர்களுக்காக இன்றும் துஆ செய்கிறோம்.

பள்ளிவாசலின் மேல்தளத்தில் ஒரு வாரம் தங்கினோம். எங்கள் மாடியில் இருந்த அதே அண்டை வீட்டார் அங்கேயும் எங்களோடு இருந்தார்கள். திரும்பி வந்தபோது கூடத்தில் கணுக்காலுக்கு மேல் சேறு. சுவரில் தரையிலிருந்து ஏழடி உயரத்தில், நூல் பிடித்து வரைந்ததுபோல் ஒரு பழுப்புக் கோடு. அத்தா கைப்பட எழுதிய கடிதங்கள் எல்லாம் கூழாகிவிட்டிருந்தன.

சேற்றை வாரிக்கொண்டிருந்தபோது தெருமுனையில் துணி தேய்ப்பவர் வந்து பார்த்தார். "2005லேயே வாசப்படி தாண்டி உள்ளே வந்துச்சே பாய், வாங்கும்போது உங்ககிட்ட அவரு சொல்லலையா?" என்றார்.

அன்று அந்தப் பெரியவர் மீது ஏற்பட்ட கோபம் ஏழு ஆண்டுகள் தணியவில்லை. வீட்டுக்கு வந்த உறவினர்களிடமெல்லாம் அவருடைய பெயரைச் சொல்லிப் பேசினோம். அது புறம் பேசுவது என்று தெரிந்தே பேசினோம்.

2022ஆம் ஆண்டில் வீட்டை விற்க முடிவு செய்தோம். வெள்ளத்திற்குப் பின் வீட்டைச் செப்பனிட மூத்த அண்ணன் கொடுத்த கைமாற்றுக் கடன் நின்றிருந்தது. அவருடைய மகளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தார்கள். அவர் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததே எங்களுக்குப் பாரமாக இருந்தது. தரகர் வந்து பார்த்தார். சுவர்களுக்குப் பட்டி பார்த்து இரண்டு முறை வர்ணம் அடித்தால் ஒரு கோடியே பத்து லட்சத்திற்குக் குறையாமல் போகும் என்றார். அடித்தோம். கோடு மறைந்தது. மோட்டார் அறைக்கு மட்டும் வர்ணம் அடிக்கவில்லை.

ஓர் இளம் தம்பதி வந்தார்கள். முதல் வீடு. சேமிப்பும் நகையும் வங்கிக் கடனுமாகப் பணம் திரட்டியிருந்தார்கள். எங்களைப் போலவே அவர்களும் மாலை வேளையில் மாடியில் நின்று காற்றை அனுபவித்தார்கள். பத்திரம் பற்றி நிறையக் கேட்டார்கள். வெள்ளத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு தரகர் சொன்னார்: "கேட்டா சொல்லுங்க பாய். கேக்காட்டி நீங்களா எடுத்துக் குடுக்காதீங்க. 2015 ஊருக்கே வந்த வெள்ளம், உங்க வீட்டுக்கு மட்டுமா வந்துச்சு?"

அந்த வாதம் எங்களுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அன்றிரவு அதை நாங்களே ஒருவருக்கொருவர் மெருகேற்றிச் சொல்லிக்கொண்டோம். பொய் சொல்லப் போவதில்லை. பேசாமல் இருக்கப் போகிறோம், அவ்வளவுதானே? பிறகு பேச்சு நின்றுவிட்டது. 2009இல் அந்தப் பெரியவரிடமும் ஒரு தரகர் இதையே சொல்லியிருப்பார். அவருக்கும் ஒரு கடன் இருந்திருக்கும். ஒரு நிக்காஹோ கல்யாணமோ இருந்திருக்கும். ஏழு ஆண்டுகள் நாங்கள் ஏசிய மனிதர் எங்கள் கூடத்திலேயே, எங்கள் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார்.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்ட செய்தி நம் பிள்ளைகளும் மதரஸாவில் கேட்டு வளர்ந்ததுதான். மேலே உலர்ந்திருந்த குவியலின் உள்ளே ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான இந்த ஹதீஸை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த வணிகரும் பொய் சொல்லவில்லை. மழை பெய்தது அவர் குற்றமும் அன்று. நனைந்ததைக் கீழே வைத்ததுதான் அவர் செய்தது. நாங்கள் பட்டி பார்த்து வர்ணம் அடித்ததும் அதையே அல்லவா?

மார்க்கச் சட்டத்தில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. விற்றவர் மறைத்த பழைய குறையைக் கண்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை வாங்கியவருக்கு இருக்கிறது. 'கியாருல் ஐப்' என்று நம் ஆலிம்கள் அதைக் குறிப்பிடுவார்கள். நாட்டுச் சட்டமும் இங்கு வேறு திசையில் நிற்கவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவில், விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் அதை விற்பவரே தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காமல் விடுவதை மோசடி என்றே கருதுகிறது. ஊரறிந்த வெள்ளத்தை வாங்குபவரே விசாரித்து அறிந்திருக்கலாமே என்று ஒரு வழக்கறிஞர் வாதாட முடியும். ஆனால் எங்கள் வீட்டுச் சுவரில் அது ஏழடி ஏறியது என்பதும், முதலில் சாக்கடைத் துளை வழியாக வந்தது என்பதும் எங்களுக்கு மட்டுமே தெரியும்.

மறுநாள் அந்தத் தம்பதியை அழைத்தோம். கைப்பேசியில் இருந்த படங்களைக் காட்டினோம். மோட்டார் அறைக்கு அழைத்துச் சென்று மறையாமல் நின்ற கோட்டைக் காட்டினோம். அந்தப் பெண் கோட்டைத் தொட்டுப் பார்த்தார்; அது அவர் தலைக்கு மேலே இருந்தது. "யோசிச்சுச் சொல்றோம் அண்ணே" என்று சொல்லிப் போனார்கள். பிறகு அழைக்கவில்லை. தரகரும் அழைப்பதை நிறுத்திக்கொண்டார்.

அடுத்த ஐந்து மாதங்கள் எளிதாக இருக்கவில்லை. அண்ணன் மகளின் நிக்காஹ் நடந்தது. நாங்கள் கடனில் பாதியைத்தான் கொடுக்க முடிந்தது. அண்ணன் குறை சொல்லவில்லை. மதினியின் முகம் சற்று மாறியிருந்தது. அதில் அவர்மீது குற்றமும் இல்லை. உண்மை பேசிய உடனே பரக்கத் கூரையைப் பிரித்துக்கொண்டு கொட்டும் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு அப்படி நிகழவில்லை.

பிறகு, பட்டறை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். எல்லாவற்றையும் சொன்னோம். சொன்னதை வைத்தே விலையைக் குறைத்தார். தொண்ணூற்றிரண்டு லட்சத்தில் முடிந்தது. 2015ஆம் ஆண்டு வெள்ளம் தரையிலிருந்து ஏழடி உயரம் நின்றது, அதை அறிந்தே வாங்குகிறார் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதச் சொன்னோம். எழுதினார்கள். பதினெட்டு லட்சம் சிறிய தொகை அன்று. இப்போதும் சில நேரங்களில் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். அண்ணனுக்குத் தர வேண்டிய மீதியை அந்த வாரமே கொடுத்துவிட்டோம், அல்ஹம்துலில்லாஹ்.

இனி, வாங்குபவராக நாங்கள் செய்த தவறு. கேட்காமல் விட்டது எங்கள் குற்றம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்க வேண்டும் என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். நீர்நிலைக்கு அருகே வீடு பார்ப்பவர்கள் இவற்றைச் செய்யுங்கள்:

முதலில், கோடையில் பிடித்த வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி சென்று பாருங்கள். அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்றால், ஒரு பெருமழைக்கு மறுநாளாவது சென்று பாருங்கள்.

தெருவில் நீண்ட நாள் இருப்பவர்களிடம் கேளுங்கள். தேநீர்க்கடைக்காரர், துணி தேய்ப்பவர், பள்ளிவாசலின் முஅத்தின் ஆகியோருக்கு வீட்டை விற்பதால் ஆதாயம் எதுவும் இல்லை. "தண்ணீர் வருமா?" என்று பொதுவாகக் கேட்காமல், 2005, 2015, 2023 என்று ஆண்டைச் சொல்லி, எந்தப் படி வரை வந்தது என்று கேளுங்கள்.

வில்லங்கச் சான்றிதழில் வெள்ளம் இருக்காது. வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் பாருங்கள். அந்த நிலமோ பக்கத்து நிலமோ ஏரி, ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியுள்ளதா என்பது அவற்றில் தெரியும். மனைப்பிரிவுக்கு நீர்வளத்துறையின் தடையின்மைச் சான்று பெறப்பட்டதா என்று கேளுங்கள். ஊர்ப் பெயரையும் கவனியுங்கள்: ஈக்காட்டுத்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களில் உள்ள 'தாங்கல்' என்பதற்கு நீர்நிலை என்றே பொருள்.

வீட்டின் தரை, தெருவைவிட எவ்வளவு உயரம் என்று அளந்து பாருங்கள். சாலை போடும்போதெல்லாம் தெரு உயர்கிறது. வீடு அங்கேயே நிற்கிறது. மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது, கழிவுநீர்க் குழாயில் நீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு இருக்கிறதா, கிணறும் நிலத்தடித் தொட்டியும் மூழ்கினால் குடிநீருக்கு என்ன வழி, நடக்க முடியாத பெரியவரை எந்த வழியாக மேலே ஏற்றுவது என்று பாருங்கள். அலமாரியின் பின்பக்கச் சுவரையும் மோட்டார் அறையையும் பார்க்காமல் வராதீர்கள். புதிய வர்ணம் ஒரு மாடியில் மட்டும் இருந்தால் காரணம் கேளுங்கள்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, 2021 முதல் நடைமுறையில் உள்ள 'பாரத் கிரஹ ரக்ஷா' என்னும் வீட்டுக் காப்பீட்டில் வெள்ளச் சேதமும் அடங்கும். வணிகக் காப்பீடு கூடுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவெடுங்கள். காப்பீடு வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள், வெள்ளத்திற்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைக்க வேண்டும். நாங்கள் இரண்டையும் செய்யாததால்தான் அண்ணனிடம் கை நீட்ட நேர்ந்தது.

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னை மீண்டும் மூழ்கியபோது, பழைய வீட்டை வாங்கியவருக்குத் தயங்கித் தயங்கி அழைத்தோம். அவர் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, தூண்களின் மேல் புதிதாகக் கட்டியிருந்தார். கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர், குடும்பம் மேலே பத்திரமாக இருக்கிறது என்றார். "நீங்க காட்டின கோட்டை வச்சுத்தான் பாய் தூணோட உயரத்தையே முடிவு பண்ணேன். அதுக்கு மேல ரெண்டடி" என்றார். பேசி முடித்த பின் வெகுநேரம் அமைதியாக அமர்ந்திருந்தோம்.

எங்களுக்கு வீட்டை விற்ற பெரியவர் சில ஆண்டுகளுக்கு முன்பே காலமாகிவிட்டதாகப் பிறகு அறிந்தோம். அவர் மறைத்ததை மன்னித்துவிட்டோம். அவரைப் பற்றி நாங்கள் பேசித் திரிந்ததற்கு அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கேட்கிறோம்.

இறைவா! எங்கள் வியாபாரங்களில் உண்மையைத் தந்தருள்வாயாக. மறைத்துப் பெறும் இலாபத்திலிருந்து எங்களைக் காத்தருள்வாயாக. ஆறுகளின் ஓரமும் ஏரிகளின் கீழும் வாழும் அனைவரின் வீடுகளையும் பாதுகாப்பாயாக. ஆமீன்.