சுங்குடிச் சேலையில் ஒரு விரிப்பு

தங்கச்சிக்கு அடுத்த மாசம் பிரசவம். அம்மாவோட பழைய சுங்குடிச் சேலைகளை அடுக்கிப் பாப்பாவுக்கு விரிப்பு தைச்சுக்கிட்டிருக்கேன். வருஷக்கணக்கா துவைச்சுத் துவைச்சு மெத்துனு ஆன பருத்திக்கு எந்தக் கடைத் துணியும் ஈடாகாது.

நைஞ்ச பாகமெல்லாம் உள்ளே, நல்ல பாகம் மேலும் கீழும். தரையில் விரிச்சு, சுருக்கம் போக நீவி, முதல்ல பெரிய பெரிய தையலா தற்காலிகமா ஓட்டணும். அப்புறம்தான் நெருக்கமான ஓட்டுத் தையல். நடுவில் ஆரம்பிச்சு ஓரத்துக்குப் போகணும். ஓரத்திலிருந்து தைச்சா துணி நடுவில் கூடி முண்டாயிடும். எல்லா அடுக்கையும் ஊசி குத்தி எடுத்திருக்கான்னு அடியில் விரல் வச்சுத் தடவிப் பார்த்துக்கணும். துவைக்கும்போது உள்துணி நகராம பிடிச்சு வைக்கிறது அந்தத் தையல்தான்.

வங்காளத்துக் காந்தா விரிப்பும் இதே வேலைதான். அந்தக் காலத்தில் பழைய சேலைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி எடுத்துத் தைப்பாங்க. கர்நாடகத்து வடகன்னடத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கிற கவந்தி விரிப்பு எனக்கு இன்னும் பிடிக்கும். நாலு மூலையிலும் சின்ன முக்கோணத் துணிகளை மடிச்சு அடுக்கிப் பூ மாதிரி வைப்பாங்க. அது இல்லாத விரிப்பு அவங்களுக்கு முழுசே இல்லை. எவ்வளவு அழகான பிடிவாதம்!

நானும் மூலைக்குச் சிவப்புத் துண்டு எடுத்து வச்சிருக்கேன். யார் வீட்டிலாவது நைஞ்ச காட்டன் சேலை இருந்தா சொல்லுங்க, வந்து வாங்கிக்கிறேன். பாலியஸ்டர் கலந்தது மட்டும் வேண்டாம், ஈரம் சரியா உறிஞ்சாது.