லெஃப்ட் பேக் டெர்ரி ஃபெலன்

போன வருஷம் கல்லூரி மேட்ச் ஒன்றில் நான் லெஃப்ட் பேக். உயர வந்த பந்தைத் தலையால் முட்டி எங்கள் கோல்கீப்பரிடமே திருப்பிவிடப் பார்த்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. நடுவில் ஒருவன் பாய்ந்து எடுத்தான், கோல். "எதுக்குடா தலையக் குடுத்த? வெளிய அடிச்சிருக்கலாமல்ல?" என்றான் கீப்பர். ஒரு வாரம் கேண்டீன் பக்கமே நான் போகவில்லை.

இதே தப்பை உலகக் கோப்பையிலேயே செய்தவர் ஒருவர் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. டெர்ரி ஃபெலன், அயர்லாந்தின் லெஃப்ட் பேக். 1994 ஜூலை 4, அமெரிக்காவில் ஆர்லாண்டோ நகரம், எதிரணி நெதர்லாந்து. மனுஷன் தலையால் முட்டிய பந்து கீப்பர் பானரிடம் போய்ச் சேருமுன் ஓவர்மார்ஸ் குறுக்கே ஓடி எடுத்து, பெர்க்காம்ப்புக்குத் தள்ளிவிட்டார். முதல் கோல். கடைசியில் 2-0, அயர்லாந்து மூட்டை கட்டியது. அதே உலகக் கோப்பையில் இத்தாலியை 1-0 என்று ஜெயித்தபோதும் இவர் ஆடினார். அதை யார் பேசுகிறார்கள்? டிஃபென்டர் பிழைப்பே அப்படித்தான்.

பிறந்தது மான்செஸ்டர். லீட்ஸில் தொடங்கி ஸ்வான்சீ, விம்பிள்டன், மான்செஸ்டர் சிட்டி, செல்சீ, எவர்ட்டன், ஃபுல்ஹாம், ஷெஃபீல்டு யுனைடெட் என்று ஊர் ஊராகப் போனவர். அமெரிக்கா, நியூசிலாந்தையும் விடவில்லை. அயர்லாந்துக்காக மட்டும் 42 ஆட்டம். 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதியில் லிவர்பூலைக் கவிழ்த்த விம்பிள்டன் அணியில் இவர்தான் லெஃப்ட் பேக். 1992-ல் மான்செஸ்டர் சிட்டி இவருக்குக் கொடுத்தது 25 லட்சம் பவுண்டு. மறு வருஷம் டாட்டன்ஹாமுக்கு எதிராகத் தன் பாதியிலிருந்தே பந்தை ஓட்டிக்கொண்டு போய் ஒரு கோல் போட்டார் பாருங்கள்! அந்த மேட்சையும் சிட்டி 4-2 என்று தோற்றது. சொன்னேனே, பிழைப்பே அப்படி.

இத்தனை ஊர் சுற்றியவர் கடைசியில் வந்து சேர்ந்தது நமக்குப் பக்கத்தில். பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் கொச்சி. 2015-ல் கேரளா பிளாஸ்டர்ஸில் சிறுவர் கால்பந்தைக் கவனிக்க வந்தார். பாதி சீசனில் பீட்டர் டெய்லர் விலக, தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. (மறுபடியும் தலை!) அந்த வருஷம் அணிக்குக் கடைசி இடம். வேறு ஆளாக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏறியிருப்பார். இவரோ பிறகு பெங்களூரு சவுத் யுனைடெட்டுக்குப் போய் அங்கேயும் பயிற்சிப் பொறுப்பு ஏற்றார்.

நம்மூர்க் கதையும் ஒன்று. 2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று சென்னை சிட்டி ஐ-லீக் பட்டம் எடுத்தது. யாரைக் கேட்டாலும் மான்ஸி, மான்ஸி என்பார்கள். அன்றைக்கு இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா. டிஃபென்டர்!

நான் இன்னும் லெஃப்ட் பேக்தான். இப்போதெல்லாம் அந்த மாதிரி பந்து வந்தால் கோட்டுக்கு வெளியே அடித்துவிடுகிறேன். கீப்பருக்குத் திருப்தி.