சத்தம் வேண்டாம் என்று வந்தவன்

அவன் வருவது இரண்டு தெரு முன்னாலேயே தெரிந்துவிடும். புல்லட். கம்பெனி மாட்டிக் கொடுத்த சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, உள்ளே தடுப்பு எதுவும் இல்லாத வெறும் குழாயை மாட்டியிருக்கிறான். காயல்பட்டினத்துத் தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வீடுகள் அவ்வளவு நெருக்கம். அந்த வண்டி உள்ளே நுழைந்தால் தொட்டிலில் தூங்கும் பிள்ளை திடுக்கிட்டு எழும்.

போன ஐப்பசியில் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து லேத் பட்டறையைத் திறந்தேன். வண்டி வந்து வாசலில் நின்றது. என் பழைய கூட்டாளியின் மகன்தான்.

"மாமா, ஒரு சின்ன வேலை. யாருகிட்டயும் சொல்லப்புடாது."

போனை நீட்டினான். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர், தடித்த துப்பாக்கிக் குழல் ஒன்றை லேத்தில் பிடித்து, நுனியில் மரை வெட்டுகிறார். பிறகு அதில் நீளமான ஒரு குப்பியைத் திருகுகிறார். "ஹெவி பேரல் மாமா. அந்தக் குப்பி சப்ரஸர். சத்தத்தை அமுக்கிடும்" என்றான். அவனுடைய சிநேகிதனுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் வாழைத் தோட்டம் இருக்கிறதாம். லைசென்ஸ் துப்பாக்கியும் இருக்கிறது. காட்டுப்பன்றி ராத்திரியில் வந்து வாழையைக் குத்திப் போட்டுவிடுகிறது. வெடித்தால் ஊருக்கே கேட்கிறது, அதுதான் தொந்தரவு.

"இருபதாயிரம் தாரேன் மாமா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மனசு ஒரு நிமிஷம் தடுமாறியது. மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது. ஆறுமுகநேரிப் பக்கத்திலிருந்து வரும் பம்ப் வேலை நின்றுவிடும். சிங்கித்துறையிலிருந்து எப்போதாவது ஒரு வள்ளத்து ஷாஃப்ட் வரும். லேத்துக்கு வாங்கிய கடனின் தவணை இரண்டு நிலுவை. மரை வெட்டுவது எனக்குப் புது வேலையும் இல்லை. வாப்பாவிடம் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டது.

ஆனால் அதே வாப்பா கற்றுக்கொடுத்த இன்னொன்றும் இருக்கிறது. குழாயின் வெளிப்பக்கம் வேறு, உள்ளே இருக்கிற துவாரம் வேறு. இரண்டுக்கும் மையம் ஒன்றாக இருக்கும் என்று நம்பி மரை வெட்டக்கூடாது. பம்பில் பிசகினால் தண்ணீர் ஒழுகும், அவ்வளவுதான். இதில் பிசகினால் குண்டு குப்பிக்குள்ளேயே மோதும். வெடிக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பவன் கை என்ன ஆகும்? குழல் தடிமனாக இருக்கிறதே என்று அவன் தைரியம் சொன்னான். தடிமனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சட்டம் இன்னொரு பக்கம். 1959 ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாத பட்டறைக்காரன் துப்பாக்கியை ரிப்பேர் செய்யவும் கூடாது, மாற்றி அமைக்கவும் கூடாது. 2019-ல் திருத்திய பிறகு தண்டனை குறைந்தது 7 வருஷம். துப்பாக்கிக்கு லைசென்ஸ் வைத்திருப்பவனுக்கும் இந்தக் குப்பியை மாட்டிக்கொள்ள அதில் அனுமதி கிடையாது. பன்றியைச் சுடுவதென்றால் வனத்துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

"நார்வே, ஃபின்லாந்துல கடையிலயே விக்கிறாங்க மாமா. வேட்டைக்காரங்க காதுக்கு நல்லதுன்னு" என்றான். அது பொய்யில்லை. துப்பாக்கி வெடிச் சத்தம் 160 டெசிபல் வரை போகும். இந்தக் குப்பி அதில் சுமார் 30 குறைக்கும், மிச்சமே காதைப் பிளக்கும். சினிமாவில் வருகிற 'ப்ஸ்க்' எல்லாம் சினிமாவில் மட்டும்தான்.

காது என்றதும் எனக்கு மேக்சிம் குடும்பம் நினைவுக்கு வந்தது. எப்போதோ படித்தது. அப்பா ஹிராம் மேக்சிம், 1884-ல் மெஷின் கன் செய்தவர். வெடிச் சத்தத்தோடு வாழ்ந்து, கடைசியில் காது கேட்காமல் போனவர். மகன் ஹிராம் பெர்சி மேக்சிம், துப்பாக்கி சைலன்சருக்கு 1909-ல் காப்புரிமை வாங்கினார். குளியல் தொட்டித் தண்ணீர் சுழன்று இறங்குவதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். பிறகு இதே வித்தையை எஞ்சின் புகைக்குழாய்க்கும் கொண்டுபோனார்.

நான் அவன் வண்டியைக் காட்டினேன். "ஏன் தம்பி, பன்றிக்குச் சத்தம் கேட்கப்புடாது. எங்க தெருவுக்கு மட்டும் கேட்கணுமா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். முகம் சிவந்துவிட்டது. "அது கெத்து மாமா" என்றான், மெல்ல.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. துப்பாக்கி வெடித்தால் நாலு பேருக்குக் கேட்கத்தான் வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி பாய்ச்சுகிறவன் குனிந்துகொள்ளவாவது அந்தச் சத்தம் வேண்டாமா? இவ்வளவையும் அவனிடம் கொஞ்சம் உரக்கவே சொன்னேன். பக்கத்து டீக்கடையில் தலைகள் திரும்பின. யாரிடமும் சொல்லக்கூடாது என்று வந்தவனை நானே ஊருக்குக் காட்டிவிட்டேனோ என்று பிறகு உறுத்தியது.

"அந்தக் குழாயைக் கழட்டிட்டுப் பழைய சைலன்சரைக் கொண்டா. மாட்டித் தாரேன், காசு வேண்டாம்" என்றேன். பதில் சொல்லாமல் வண்டியை உதைத்தான். பட்டறைத் தகரம் அதிர்ந்தது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் வாப்பா படுத்திருந்தார். முதலில் ஆலையில், பிறகு இந்த லேத்தில் என்று நாற்பது வருஷம் இரும்புச் சத்தத்தில் கழித்தவர். பாங்கு சொல்வதுகூட இப்போது அவருக்குக் கேட்பதில்லை. நாங்கள் தோளைத் தொட்டுத்தான் சொல்கிறோம்.

அவர் கட்டில் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தபடி எழுந்து உட்கார்ந்தார்.

"யாருடா வந்துட்டுப் போறது?" என்று கேட்டார்.