மாம்பால் கறையும் அப்பாவோட வெள்ளைச் சட்டையும்

போன வருஷம் ஜூன் மாசம் நடந்தது மக்களே. தங்கச்சிக்கு ஒசூர்ல ஒரு வரன் வந்திருந்தது. மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகணும். முந்தின நாள் சாயங்காலம் பர்கூர்லேர்ந்து அப்பா வந்து இறங்கினார். பை நிறைய பெங்களூரா மாங்காய். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லாரி லாரியா போகுமே, அதே கிளிமூக்குதான். மறுநாளைக்குன்னு போட்டுக்கிட்டு வந்த ஒரே நல்ல வெள்ளைச் சட்டையில, பாக்கெட் மேலயே உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறை.

"இதைப் போட்டுக்கிட்டா காய் பறிப்பீங்க? நாளைக்கு அவங்க என்ன நினைப்பாங்க?"ன்னு கத்திட்டேன்.

"கிளம்பும்போதுதான் மருமக ஊறுகாய்க்குக் கேட்டது ஞாபகம் வந்துச்சுப்பா" என்றார். அப்புறம் பேசவே இல்லை.

அவசரத்துல சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். கறை அசையலை. எப்படி அசையும்? காம்பு ஒடிஞ்சதும் பீச்சியடிக்கிற பால்ல இருக்கிற எண்ணெயும் பிசினும் தண்ணியில கரையாது. காத்துப் பட்டா கறுத்து இறுகிடும். அந்தக் காலத்துல வண்ணார் துணியில குறி போடுற சேங்கொட்டையும் மாமரமும் ஒரே குடும்பம். அந்தக் குறி எத்தனை வெளுப்புக்கும் போகாதுன்னா பார்த்துக்குங்க!

வீட்டம்மா சட்டையைப் பிடுங்கிக்கிட்டாங்க. முதல்ல நல்லா காய வெச்சு, கறை மேல தேங்காயெண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறல். அப்புறம் கீழே பழந்துணியை விரிச்சு, நெயில் பாலிஷ் ரிமூவரைப் பஞ்சுல நனைச்சு, துணியோட பின்பக்கத்திலேர்ந்து ஒத்தி ஒத்தி எடுத்தாங்க. தேய்ச்சா பரவிடுமாம். பழுப்பு கொஞ்சம் கொஞ்சமா பழந்துணிக்கு இறங்குச்சு. கடைசியா எண்ணெய்ப் பிசுக்கு போக, பாத்திரம் கழுவுற லிக்விட். காலையில ஃபேன் காத்துல காய்ஞ்ச சட்டையில, தெரிஞ்சவங்க உத்துப் பார்த்தாத்தான் தெரியும்.

ஆனா மாப்பிள்ளை வீட்டுல உட்கார்ந்திருந்த ரெண்டு மணி நேரமும் அப்பா பாக்கெட் மேல வெச்ச கையை எடுக்கவே இல்லை. காபியைக் கூட இடது கையில வாங்கினார். மூடியிருந்த கையோட மணிக்கட்டுல, பால் தெறிச்சுத் தோல் வெந்திருந்ததை அப்பத்தான் பார்த்தேன். முந்தின நாள் நான் பார்த்தது சட்டையை மட்டும்தான்.

கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுது. மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கலை.

டிஸ்கி: ரிமூவரோ மண்ணெண்ணெயோ, அடுப்புப் பக்கம் வேண்டவே வேண்டாம்; ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க. அசிட்டேட் துணியில அசிட்டோன் பட்டா துணியே கரைஞ்சிடும். உள்மடிப்புல ஒரு சொட்டு விட்டுப் பார்த்துட்டு ஆரம்பிங்க.