தகமட்சுவில் ஓர் ஊடோன் கடை

ஜப்பானின் ஷிகோகு தீவிலுள்ள தகமட்சு நகரில், வாயிலில் துணித்திரை தொங்கும் சிறு கடையொன்றில் நுழைந்தோம். ஊடோன் என்பது கோதுமை மாவும் உப்பும் நீரும் சேர்ந்த பருத்த சேமியா. மாவைக் காலால் மிதித்துப் பதப்படுத்துவது அவ்வூர் வழக்கம். சாற்றில் உலர்ந்த நெத்திலி சேருமாதலால், சைவராகிய நாம் சோயாச்சாறு மட்டும் விட்டுக்கொண்டோம்.

பக்கத்தில் உத்தியோகஸ்தரும் கூலியாளும் ஒரே பலகையில் அமர்ந்து, 'சர்'ரென்று ஓசையெழ உறிஞ்சினர். அங்கே அது அநாகரிகமன்று. உண்டபின் கிண்ணங்களைத் தாமே எடுத்து வைத்தனர்.

வெளிநாட்டு விருந்தாளியின் எதிரில் கையால் உண்ணக் கூசி, ரஸஞ்சாதத்தைக் கரண்டியால் அள்ளி வேட்டியில் சிந்திக்கொண்ட நாள் நமக்கு நினைவு வந்தது. குச்சிகளை எடுத்தோம், நாமும் உறிஞ்சினோம். அடுத்த விருந்தாளிக்கு இலைதான் என்று தீர்மானமாயிற்று.