ஜவ்வரிசி மூட்டைக்கு மேலே ஒரு வீடு

மார்ச் 9, ராசிபுரம்

என் வீட்டுக்காரருக்கு நாக்பூர் வேலை உறுதியாகிவிட்டது. கோழித்தீவன ஆலையில் தரம் பார்க்கும் வேலை. ஜூன் முதல் வாரம் சேர வேண்டும். சம்பளம் நல்ல உயர்வு. ஆனால் வீடு மாற்றும் செலவு எங்கள் தலையில்தான்.

வீடு மாற்றித் தரும் கம்பெனி ஒன்றிடம் விசாரித்தோம். கட்டி, ஏற்றி, இறக்கி, அடுக்கித் தர 72,000 ரூபாய் என்றார்கள். இந்த வீட்டுச் சாமான் மொத்தத்தையும் இன்றைக்கு விற்றால் அந்தத் தொகை வருமா என்பது சந்தேகம். "எல்லாத்தையும் வித்துட்டு வெறும் பெட்டியோட ரயில் ஏறிடலாமா?" என்றார் அவர். அதுவும் சரிப்படாது. பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், பீரோ நாலையும் அங்கே புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாண்டும்.

மார்ச் 16

சித்தப்பா வந்திருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். 72,000 என்றதும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. ஒரு காகிதம் கேட்டார்.

ராசிபுரத்திலிருந்து நாக்பூர் ஏறக்குறைய 1300 கிலோமீட்டர். ஆண்டகளூர் கேட்டில் ஏறினால் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஒன்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்: சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூரு, கர்னூல், ஹைதராபாத், அதிலாபாத், நாக்பூர். லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் டீசல் மட்டும் 325 லிட்டர், கிட்டத்தட்ட 30,000 ரூபாய். டோல், டிரைவர் பேட்டா தனி. நமக்கென்று தனி வண்டி பிடித்தால், அது திரும்பி வரும் செலவும் நம்மிடம்தான் வந்து விழும்.

"அம்மிணி, வாடகை தூரத்துக்கு இல்ல. வண்டி வெறுசா ஓடற தூரத்துக்குத்தான். வெறுசா ஓடாத வண்டியாப் பார்த்துப் பிடிக்கணும்" என்றார்.

அப்படிப்பட்ட வண்டிக்கு இந்த ஜில்லாவைவிட நல்ல இடம் இல்லை என்பது அவர் போட்டுக்காட்டிய கணக்கில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. நாமக்கல் கோழிகள் தின்னும் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும் இங்கே விளைந்து போதாது. கர்நாடகத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் வருகின்றன. கொண்டுவந்து இறக்கிய வண்டி வடக்கே திரும்ப லோடு தேடும். அந்த லோடு நம் வயல்களில் இருக்கிறது. ராசிபுரம், ஆத்தூர், சேலம் சுற்றுவட்டாரத்து மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் வடக்கே போகிறது. விரத நாளில் சாபுதானா கிச்சடி சாப்பிடும் மகாராஷ்டிரம் பெரிய வாடிக்கை. இந்த வியாபாரத்தை ஒழுங்கு செய்ய 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் இருப்பது எல்லாருக்கும் தெரியும். நம் ஊர் ஜவ்வரிசியில் பெரும்பங்கு நாம் உண்பதற்கில்லை என்பதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். ஜவ்வரிசி மூட்டை 90 கிலோ. பத்துச் சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு, 2018இல் உயர்த்திய பிறகு, 28.5 டன். மூட்டையை அடுக்கினால் எடை முதலில் நிரம்பிவிடும், உயரம் மிஞ்சும். வீட்டுச் சாமானுக்கு எடை குறைவு, அடைக்கும் இடம்தான் அதிகம். பத்துப் பன்னிரண்டு மூட்டையைக் குறைத்துக்கொண்டால் ஒரு வீடு மேலே ஏறிவிடும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் சரக்குகள்.

ஏப்ரல் 5

எது போக வேண்டும், எது இங்கே நிற்க வேண்டும் என்று பிரிக்க உட்கார்ந்தோம். அடுத்தவர் சரக்கோடு சேர்ந்து போகும் பார்ட் லோடில் இடத்துக்குத்தான் காசு. அதனால் விலையைப் பார்க்காமல், அடைக்கும் இடத்தைப் பார்த்தேன். பிளைவுட் கட்டில், டிரெஸ்ஸிங் டேபிள், பிளாஸ்டிக் நாற்காலிகள் எல்லாம் நிற்கும். கழற்றிப் பூட்டினால் பிளைவுட் தாங்காது என்று தச்சரும் சொன்னார். பிரிட்ஜ் போகும், ஆனால் நிற்கவைத்துத்தான். வாஷிங் மெஷினுக்குள் போர்வைகள், பீரோவுக்குள் புத்தகங்கள், அண்டாவுக்குள் பாத்திரங்கள் என்று காலி இடம் எதுவும் காலியாகப் போகக்கூடாது. கிரைண்டர் கல்லைத் தனியே எடுத்துச் சாக்கில் கட்ட வேண்டும். ஜவ்வரிசி தின்னும் பண்டம், ஆகவே பினாயில், பெயின்ட், மண்ணெண்ணெய் வாடை உள்ள எதையும் ஏற்றவிடமாட்டார்கள். அது நியாயம்.

அம்மிக்கல்லும் ஆட்டுக்கல்லும் பிள்ளைகளின் அம்மாயி, அதாவது என் அம்மா வீட்டுக்கு.

ஏப்ரல் 13

காகித வேலை. கேஸ் சிலிண்டரை லாரியில் ஏற்றவே கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்தால் டெபாசிட் தொகையோடு டெர்மினேஷன் வவுச்சர் தருவார்கள், அதைக் காட்டி நாக்பூரில் இணைப்பு எடுக்கலாம். பைக் பழசு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் ஓடினால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு முன் இங்கே தடையில்லாச் சான்று, பிறகு அங்கே வரி. இந்த வண்டிக்கு அத்தனையும் தண்டம். விற்றுவிட முடிவு. ஓட்டுரிமைக்கு அங்கே போய்ப் படிவம் 8.

ரேஷன் கார்டுதான் மனசை இழுத்தது. எங்களுடையது முன்னுரிமைக் கார்டு, ஒரே நாடு ஒரே ரேஷனில் நாக்பூரிலும் கைரேகை வைத்துத் தானியம் வாங்கலாம். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாடும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே கிடைப்பது மத்திய அரசின் தானியம் மட்டும். சர்க்கரை, துவரம்பருப்பு, பாமாயில் எல்லாம் தமிழ்நாட்டு அரசு தருவது, அவை எல்லை தாண்டாது. மாதக் கணக்கில் அந்த மூன்றையும் கடை விலைக்கு எழுதிக்கொண்டேன். சம்பள உயர்வில் அந்த அளவு அப்போதே குறைந்துவிட்டது. வீடு மாற்ற நினைக்கிறவர்கள் லாரி வாடகையைப் போல இதையும் முதல் நாளே எழுத வேண்டும். லாரி வாடகை ஒரு தடவை, இது மாதாமாதம்.

ஏப்ரல் 20

இரண்டு நாளாக எழுத மனம் வரவில்லை.

பெரியவள் அரசுப் பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடிக்கிறாள். மாட்டு டாக்டர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இலிருந்து இருக்கிறது, பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தச் சுற்றுச்சுவர் தாண்டும் வரை எட்டிப் பார்ப்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. 2020இல் மருத்துவத்துக்கு வந்தது, 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் ஆகியவற்றுக்கும் வந்தது. நடுவில் ஒரு வருஷம் நாக்பூரில் படித்தாலும் அந்த வரிசையிலிருந்து அவள் வெளியே. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதே வகுப்புக் கணக்குதான்.

அங்கே என்றால்? மகாராஷ்டிரத்தில் எல்லாப் பள்ளியிலும் மராத்தி கட்டாயப் பாடம் என்று 2020இல் சட்டம் போட்டுவிட்டார்கள். அது அவர்கள் மொழி, அவர்கள் மண், குறை சொல்ல மாட்டேன். இரண்டாம் வகுப்புக்குப் போகும் சின்னவன் ஆறு மாதத்தில் பேசவே தொடங்கிவிடுவான். ஒன்பதாம் வகுப்பில் நுழைகிறவள் அகர வரிசையிலிருந்து தொடங்கிப் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குள் எப்படி எட்டிப் பிடிப்பாள்? நம் சாதிச் சான்றிதழும் அந்த மாநில இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது.

அவரிடம் சொன்னேன். "ஏனுங்க, புள்ளைய விட்டுட்டா போறது?" என்று நானே கேட்டு நானே அழுதேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. கடைசியில், "அவகிட்டயே கேக்கலாம்" என்றார்.

கேட்டோம். "நான் அம்மாயிகூட இருந்துக்கறேம்மா. ஆனா லீவு விட்ட அன்னைக்கே என்னைக் கூப்பிட்டுக்கணும்" என்றாள். பதில் அவளிடம் முன்பே தயாராக இருந்தது. நாங்கள் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

சம்பளம், வாடகை, விலைவாசி என்று எத்தனையோ பேர் எத்தனையோ யோசனை சொன்னார்கள். பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறாள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. மாநிலம் மாறுகிற எந்தக் குடும்பமும் லாரிக்காரரைப் பார்ப்பதற்கு முன் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்க்க வேண்டும் என்பேன். ஐந்தாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளையோடு போவது வேறு, எட்டு முடித்த பிள்ளையோடு போவது வேறு.

ரேஷன் கார்டும் இப்போது வேறு வழியில் உதவும். மாநிலம் தாண்டி இருக்கிறவர்கள் தங்கள் பங்குத் தானியத்தை அங்கே வாங்கலாம், மீதியை ஊரில் இருக்கிற உறுப்பினர் இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

மே 4

சித்தப்பாவோடு புக்கிங் ஆபீஸ். சோயா இறக்கிவிட்டு, மகாராஷ்டிர நம்பர் வண்டிகள் இரண்டு நின்றிருந்தன. ஆபீஸ்காரர் நாள் சொன்னார்: "மே கடைசி வாரம் போயிடுங்கக்கா. ஆஷாட ஏகாதசிக்கு முன்னால நாக்பூருக்கு ஜவ்வரிசி லோடு தொடர்ச்சியாப் போகும். ஜூன் பாதிக்கு மேல அங்க மழை புடிச்சுக்கும், தார்ப்பாய் போட்டாலும் மெத்தை நனையும்." வாடகை 15,000. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, பேக்கிங் சாக்கு, கயிறு எல்லாம் சேர்த்து 22,000க்குள் முடியும். ஜவ்வரிசி அனுப்பும் ஆலைக்காரரிடம் சொல்லி, சம்மதம் வாங்கித்தான் ஏற்றுவோம் என்றார். அதைக் கேட்டபின்தான் எனக்கு நிம்மதி.

எல்.ஆர். என்கிற லாரி ரசீது இல்லாமல் போனால் இன்னும் இரண்டாயிரம் குறையும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் யோசனை சொன்னார். சித்தப்பா கையை ஆட்டி மறுத்துவிட்டார். காரணம் சட்டத்தில் இருக்கிறது. 2007 சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் 2011 விதிகளும் சொல்வது: சரக்கு சேதமானால் இழப்பீடு வாடகையின் பத்து மடங்கு வரை, அதுவும் நாம் எழுதிக்கொடுத்த மதிப்பைத் தாண்டாமல். 15,000 வாடகைக்கு எல்லை ஒன்றரை லட்சம். எங்கள் சாமானுக்கு அது போதும். ஆனால் மதிப்பை எழுதிக்கொடுத்து எல்.ஆர். வாங்கியிருக்க வேண்டும். வாடகையில் மிச்சம் பிடிக்கலாம், ரசீதில் பிடிக்கக்கூடாது.

பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு இ-வே பில் தேவையில்லை. இருந்தாலும் சாமான் பட்டியலில் கையெழுத்திட்டு, ஆதார் நகலோடு டிரைவரிடம் ஒன்று, எங்களிடம் ஒன்று. நகையும் சான்றிதழ்களும் எங்கள் கையில் ரயிலில் வரும். கேரளா எக்ஸ்பிரஸில் சேலத்தில் ஏறினால் நேரே நாக்பூரில் இறக்கிவிடும். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம், அதனால் துணிமணிகளும் லாரிக்குப் போக வேண்டியதில்லை.

மே 18

சின்னவனுக்கு டி.சி. வாங்கியாயிற்று. வெளிமாநிலம் என்பதால் கல்வி அலுவலகத்தில் மேலொப்பமும் வாங்கினோம். பெரியவள் பள்ளியில் பாதுகாவலர் என்ற இடத்தில் அம்மாயி பெயரையும் போன் நம்பரையும் எழுதிக்கொடுத்தேன். மாதம் ஒரு முறை வீடியோவில் பேசலாமா என்று வகுப்பாசிரியரிடம் கேட்டேன். "வாரம் ஒரு தடவை கூப்பிடுங்க" என்றார்.

இன்று இரவு கணக்கை மறுபடி போட்டேன். 72,000 எங்கே, 22,000 எங்கே. மிஞ்சும் 50,000ஐ நாக்பூர் வீட்டு அட்வான்ஸில் சேர்க்கலாம் என்றார் அவர். வேண்டாமென்றேன். அஞ்சல் அலுவலகத்தில் பெரியவள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு இருக்கிறது, அதில் போட்டுவிட வேண்டும். காலாண்டு, அரையாண்டு, கோடை விடுமுறைகளுக்கு அவளும் துணைக்கு அம்மாயியும் வந்துபோகும் ரயில் டிக்கெட், அவசரம் என்றால் நான் புறப்பட்டு வரும் டிக்கெட், இதற்கு மட்டும்தான் அந்தப் பணம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு. ஜூலை கடைசி வாரத்து நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன். அவரும் சரி என்றார்.