ரவுட்டருக்குள் ஏற்றும் கோப்பு யார் தந்தது?



இறைச்சி எந்தக் கடையில் வாங்கியது, யார் அறுத்தது என்று விசாரிக்காமல் நீங்கள் அடுப்பில் ஏற்றுவதில்லை. ஆனால் வீட்டு ரவுட்டருக்குள் ஏற்றப்படும் கோப்பைப் பற்றி அப்படி விசாரிக்கிறோமா?

ரவுட்டரை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளுக்கு ஃபேர்ம்வெயர் என்று பெயர். அதில் பிறர் கைவைத்தால், பிள்ளைகளின் பாடமும் வங்கி வேலையும் கடந்துபோகும் வாசல் அந்நியன் வசமாகிவிடும்.

கிளிநொச்சியில் எங்கள் அயலில் ஒரு ராத்தாவின் ரவுட்டர் அடிக்கடி நின்றுபோனது. திருத்த வந்த தம்பி பென் டிரைவில் ஒரு கோப்பு வைத்திருந்தார். "இதை எங்கே எடுத்தீங்க தம்பி?" என்று ராத்தா கேட்டார். கூட்டாளி அனுப்பியதாம். "அப்ப வேணாம்" என்றுவிட்டார்.

பிறகு தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கினோம். கோப்பின் அருகில் 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட ஒரு வரி இருந்தது. இது எஸ்.எச்.ஏ. 256 என்ற கணக்கு முறையில் வருவது. கோப்பின் கைரேகை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். விண்டோஸ் கணினியில் செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதைக் கணித்துத் தரும். முதல்முறை பொருந்தவில்லை, சிக்னல் அறுந்து கோப்பு அரைகுறையாக இறங்கியிருந்தது. அதை ஏற்றியிருந்தால் ரவுட்டரே செத்துப்போயிருக்கலாம். இரண்டாம் முறை பொருந்தியது.

இது மட்டும் போதுமா? போதாது. ஹதீஸ் பாடத்தில் மத்ன் எனும் வாசகத்தோடு, சனத் எனும் அறிவிப்பாளர் தொடரையும் பார்க்கச் சொல்லி மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். கைரேகை வாசகம் சிதையவில்லை என்று மட்டுமே சொல்லும். தந்தவர் யார் என்று சொல்லாது. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் திருடர்கள் புகுந்து, தாங்கள் மாற்றிய கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டார்கள். தளத்துக்குள்ளேயே புகுந்தவனுக்கு அங்குள்ள கைரேகையை மாற்றுவது பெரிய வேலையா?

அதற்காகத்தான் டிஜிட்டல் கையொப்பம். நிறுவனம் தன்னிடம் மட்டுமுள்ள இரகசியச் சாவியால் கோப்பில் ஒப்பமிடும். அனைவருக்கும் தெரிந்த மறுசாவியால் அதைச் சரிபார்க்கலாம். புதிய சாதனங்கள் பல தாமாகவே சரிபார்த்து, ஒப்பம் பிழைத்தால் கோப்பை ஏற்க மறுத்துவிடும். பழையவை எல்லாம் அப்படியல்ல.

ஆகவே சகோதரிகளே, வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை ஏற்ற விடாதீர்கள். நிறுவனத்தின் தளத்திலிருந்தே எடுக்கச் சொல்லுங்கள். கைரேகையை உங்கள் கண்முன் ஒப்பிடச் சொல்லுங்கள். ஏற்றும்போது மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். திருத்த வருபவர் சலித்துக்கொண்டாலும் கேளுங்கள், வீடு உங்களுடையது.